செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கல்யாணம்

ரோக்கா வெஸ்பினா என்ற மலையூரில் பள்ளிக்கூட வேனை இருபத்தாறு வருஷமாக ஓட்டி வந்த நெரினாவுக்கு அறுபத்தொரு வயதில் கல்யாண யோசனை வந்தது. ஆசை என்று அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. "தனியா சமைச்சு, தனியா தின்னு, நாக்கே செத்துப்போச்சு" என்றுதான் சொன்னாள்.

மாப்பிள்ளை அல்வாரோ. வெள்ளிக்கிழமைதோறும் கடற்கரையிலிருந்து மீன் வண்டியை மலையேற்றிக் கொண்டு வருகிறவர். மனைவியை இழந்தவர். நெரினாவின் கணவன் தீனோ போய்ச் சேர்ந்தும் ஆறு வருஷம் ஆகியிருந்தது. மீன் வாங்கப் போன இடத்தில் பேச்சு வளர்ந்து, பிப்ரவரியில் ஒருநாள் அல்வாரோ கணவாய் மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா என்ன?"

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்கு வெள்ளிக்கிழமை மீன் வந்தாப் போதும்."

நெரினா சிரித்துவிட்டாள். ஆனால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னாள். விஷயத்தைப் பிள்ளைகள் இரண்டு பேரும் தன் வாயால்தான் கேட்க வேண்டும், நேருக்கு நேர். போனில் சொல்கிற சமாசாரம் இல்லை இது.

அந்த வசந்த காலத்தில் பிள்ளைகளை நேரில் பார்க்க வாய்ப்புக்குக் குறைவில்லை. ஏப்ரலில் மகள் மிரெல்லாவுக்கு போலோன்யாவில் பட்டமளிப்பு. மே முதல் ஞாயிறு, சார்தீனியாத் தீவில் மகன் டானிலோவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நெரினா நினைத்தாள். நல்ல நாள் ஒவ்வொன்றும் இன்னொருவருடைய நாளாக இருக்கும் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

மிரெல்லா ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டே ஏழு வருஷம் படித்து நர்ஸ் பட்டம் வாங்கியவள். முப்பத்து நாலு வயதில் பட்டம் வாங்கியவர்கள் சூடும் இலைக் கிரீடத்தோடு படியிறங்கி வந்தவள், அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"அப்பா இருந்திருக்கணும்மா."

இதற்கு மேல் மீன்காரரைப் பற்றி எப்படிப் பேசுவது? பட்டமளிப்புக்கென்று நெரினா கொண்டுபோயிருந்த, சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாமை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு ரயிலேறினாள்.

"சரி, ஞானஸ்நானத்துல சொல்லு" என்றார் அல்வாரோ. "அதுவும் ஆகலேன்னா, பேரன் பட்டம் வாங்குற அன்னிக்குச் சொல்லிடலாம். நான் உயிரோட இருந்தா."

"யோவ், குத்திக் காட்டாத."

இருவரும் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தேதி கேட்டார்கள். பதிவேட்டைப் புரட்டிய புரூனெல்லா, நெரினாவோடு படித்தவள், உதட்டைப் பிதுக்கினாள். செப்டம்பர் வரை சனி, ஞாயிறு ஒன்றுகூடக் காலி இல்லை.

"மே கடைசியில ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கு. பதினோரு மணி."

"செவ்வாய்க்கிழமை எவளாவது கல்யாணம் பண்ணுவாளாடி?"

"அதனாலதானே காலியா இருக்கு!"

அதையே எடுத்துக்கொண்டார்கள். கல்யாண அறிவிப்பை எட்டு நாள் வாசல் பலகையில் ஒட்டி வைப்பது சட்டம். தான் தீவிலிருந்து திரும்பிய பிறகு ஒட்டச் சொல்லி நெரினா கெஞ்சினாள். புரூனெல்லாவும் தலையாட்டினாள். ஆனால் அடுத்த வாரமே அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு லீவு போட்டுவிட்டாள். அவள் இடத்துக்கு வந்த புது ஆளுக்கு இந்த ஒப்பந்தமெல்லாம் என்ன தெரியும்? மேஜையில் கிடந்த தாளை எடுத்து ஒட்டிவிட்டார்.

ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. டானிலோவின் மாமனார் வீட்டு முற்றத்தில் பன்றிக்குட்டியைச் சுட்டு, நீள மேஜை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மிரெல்லாவின் போன் கிணுகிணுத்தது. ஊர் ரொட்டிக் கடைக்காரி நகராட்சி வாசல் பலகையைப் படம் பிடித்து அனுப்பி, 'கல்யாணப் பொண்ணுக்கு என் வாழ்த்து' என்று எழுதியிருந்தாள்.

மிரெல்லா இரண்டு தடவை படித்தாள். "அம்மா, உன் பேரு, உன் பொறந்த தேதி. என்னம்மா இது?"

டானிலோ குழந்தையை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தான். முகம் இறுகிவிட்டது. அம்மாவை முற்றத்துக்குப் பின்னால் கூட்டிப்போனான். மிரெல்லாவும் பின்னாலேயே போனாள்.

"மீன்காரனா?"

"மீன்காரர்."

"அப்பா போய் ஆறு வருஷம்தான் ஆகுது."

"அந்த ஆறு வருஷத்துல எத்தனை தடவை வந்து என்கூட உக்காந்து சாப்பிட்டே? சொல்லுடா."

டானிலோ மெதுவாகச் சொன்னான்: "ஊர்ல ரொட்டி விக்கிறவளுக்குத் தெரிஞ்சப்புறம் எனக்குத் தெரியுது, பாத்தியா."

"அது என் தப்புதான்" என்றாள் நெரினா. "உங்க நல்ல நாளைக் கெடுக்கக் கூடாதுன்னு பாத்தேன். கடைசியில அதைத்தான் கெடுத்தேன்."

டானிலோ விருந்தாளிகளைக் கவனிக்கப் போய்விட்டான்.

திரும்பும் கப்பலில் மிரெல்லா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அன்னிக்கு அப்பாவைப் பத்தி நான் அழுதேனே, அதனாலதான் சொல்லலியா?"

"ம்."

"லூசும்மா நீ. அப்பாவை நெனச்சு அழுவேன்தான். அதுக்காக நீ தனியாக் கெடன்னு சொல்வேனா?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆளு எப்படி? குறட்டை விடுவாரா?" என்றாள்.

"எனக்கெப்படித் தெரியும்?" என்ற நெரினாவின் காது சிவந்துபோனதைப் பார்த்து மிரெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள்.

டானிலோ மூன்று வாரம் போன் பண்ணவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நெரினா வழக்கம்போல் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வீட்டுக்கு ஓடிப்போய் நீலப் பட்டுச் சட்டை மாற்றிக்கொண்டு நகராட்சிக்கு வந்தாள். பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில், கசங்கிய சட்டையும் தோள்பையுமாக டானிலோ படியேறி வந்தான். அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். அல்வாரோ பக்கம் திரும்பவில்லை. விருந்திலும் மேஜையின் மறுகோடியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

தீவுக்குப் போகும் கப்பலைப் பிடிக்க, சாயங்காலம் கடற்கரை ஊரில் அவனுக்கு பஸ். மலையிலிருந்து ஒரு மணி நேரப் பாதை. "நான் கொண்டுபோய் விடுறேன்" என்று அல்வாரோ சாவியை எடுத்தார். டானிலோ மறுப்பான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் எழுந்து போய் வண்டியில் ஏறினான்.

அல்வாரோ திரும்பி வரும்வரை நெரினாவுக்கு இருப்பு கொள்ளவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினாள்.

"என்ன பேசினான்?"

"ஒண்ணும் பேசல. வழியெல்லாம் ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தான்."

"ஒரு வார்த்தைகூடவா?"

அல்வாரோ வண்டிக் கதவைப் பூட்டினார். "எறங்கும்போது மட்டும், 'வளைவு ஜாஸ்தி, பாத்து மெதுவாப் போங்க'ன்னான்."

"போங்கன்னா சொன்னான்?"

"போங்கன்னுதான்."

நெரினா அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.