வெறும் பையோடு ஒரு நடை

என் மனைவி கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். ஒவ்வோர் ஆடிவேல் திருவிழாவுக்கும் செட்டியார் தெருவிலிருந்து வெள்ளவத்தை வரை வேல் ரதத்தின் பின்னால் வெறுங்காலோடு நடந்து வருவாள். சிறுமியாக இருந்தபோது தொடங்கிய வழக்கம். கல்யாணமாகி என்னோடு வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் விடவில்லை. முதல் நாளே தாய்வீட்டுக்குப் போய்த் தங்கி, மறுநாள் ரதத்தோடு நடந்தே வீடு வந்து சேருவாள். நானோ யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகருக்கு உத்தியோகத்துக்கு வந்த கிளாக்கர். எங்கள் பகுதிப் பெருந்தெருவான காலி வீதியோரம் நின்று ரதத்தையும் அவளையும் சேர்த்துப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

வெள்ளைக்காரன் ஆட்சி இன்னும் இருந்த காலம். ஒரு மாசி மாதம் அவளுக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. ஏழு கிழமை படுக்கை. காய்ச்சல் விட்டபோது ஆள் எலும்பும் தோலுமாக இருந்தாள். சுவரைப் பிடிக்காமல் கிணற்றடிக்குக்கூடப் போக முடியவில்லை. பார்க்க வந்த பறங்கி டொக்டர், மருந்து போதும், இனி நடைதான் வேண்டும் என்றார். முதலில் ஒழுங்கை முனை வரை, பிறகு ரெயில்பாதை வரை, பிறகு கால்வாய்ப் பாலம் வரை. பாரம் மட்டும் தூக்கக் கூடாது.

"ஆடிவேலுக்கு நடப்பனோ எண்டு அவரைக் கேளுங்கோ" என்றாள்.

கேட்டேன். தினமும் நடந்தால் ஏன் முடியாது என்று டொக்டர் சிரித்தார். அவளுடைய முகத்தில் இரண்டு மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் கண்டேன்.

அடுத்த நாளே பின்னேரத்தில் இருவருமாகப் புறப்பட்டோம். ஒழுங்கை முனையில் எங்கள் கந்தோர்த் தலைமைக் கிளாக்கரின் வீடு. அவருடைய மனைவி வாசல் படலையில் நின்று, எங்கே பயணம் என்று கேட்டார். "சும்மா நடக்கிறம்" என்றாள் இவள். மறுநாள் கந்தோரில் எல்லோருக்கும் கேட்கும்படி தலைமைக் கிளாக்கர் சொன்னார்: "என்ன காணும், உம்மடை மிஸிஸ் துரைசானியள் மாதிரிப் பின்னேரத்திலை உலாத்தத் தொடங்கீட்டாவாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, இனி வீட்டுக்குள்ளேயே நட என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். அந்தக் காலத்து வெள்ளவத்தையில், எங்கள் ஆட்கள் மத்தியில், பெண்பிள்ளை தெருவில் இறங்கினால் அதற்கொரு காரணம் இருக்க வேண்டும். கோயில், சந்தை, செத்தவீடு. காலுக்குப் பலம் வேண்டும் என்பது அந்தக் கணக்கில் வராது.

அவள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். "சந்தைக்குக் கொண்டுபோற அந்தப் பன் பையை எடுத்துத் தாங்கோ. கையிலை பை இருந்தால் ஒருதரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

அப்படியே நடந்தது. நான் கந்தோருக்குப் போனதும் அவள் பையோடு புறப்படுவாள். சந்தைக்குப் போவதுபோல் காலி வீதிக்கு ஏறி, அடுத்த ஒழுங்கையால் கடற்கரைக்கு இறங்கி, ரெயில்பாதையோரம் நடந்து திரும்புவாள். வைகாசி முழுவதும் நடந்தாள். நான் வீடு வந்ததும் முதல் சேதி அதுதான்: இன்றைக்கு ஸ்டேஷன் வரை, இன்றைக்கு அதற்கும் அப்பால். ஒருநாள் கால்வாய்ப் பாலம் வரை போய் எங்கும் இருந்து இளைப்பாறாமல் திரும்பி வந்ததாகச் சொன்னாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. சேலையைச் சற்றே உயர்த்தி, "பாருங்கோ, கெண்டைக்கால் வந்திட்டுது" என்று காட்டினாள்.

ஆனி பிறந்ததும் வந்தது வினை. தலைமைக் கிளாக்கரின் மனைவி அவளைப் படலையில் மறித்து, சந்தையில் என்ன மீன் என்று கேட்டபடியே பைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டே நாளில் கதை கந்தோருக்கு வந்துவிட்டது. கிளாக்கர் வீட்டில் சல்லி இல்லையாம், பெண்சாதி வெறும் பையோடு சந்தைக்குப் போய் வெறும் பையோடு திரும்புகிறாளாம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, கைமாற்று ஏதும் வேண்டுமா என்று கேட்டார். எனக்குத் தலை வெடித்தது.

அன்று பின்னேரம் நான் கத்திய கத்து எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. அவள் அழவில்லை. "நாளையிலை இருந்து ஒரு கட்டுக் கீரை வாங்கிப் போட்டுக்கொண்டு வாறன். அது பாரமில்லைத்தானே" என்றாள்.

ஒரு கட்டுக் கீரை. அதோடு எல்லாம் முடிந்திருக்கும். சரி என்று ஒரு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இனி எங்கை போறதெண்டாலும் நீர் றிக்ஷோவிலை போம்" என்றேன். சொன்னதோடு நிற்காமல், மாதவாடகைக்கு ஒரு றிக்ஷோக்காரரையும் பிடித்துவிட்டேன். கோயிலுக்கும் றிக்ஷோ, சந்தைக்கும் றிக்ஷோ. தலைமைக் கிளாக்கரின் மனைவி படலையில் நின்று பார்க்கட்டும் என்று எனக்கு ஒரே பெருமை. அவள் ஏறி இருந்தாள்.

ஆடிவேல் வந்தது. செட்டியார் தெருவிலிருந்து வேண்டாம், பக்கத்துப் பம்பலப்பிட்டியிலிருந்தாவது நடக்கிறேன் என்று கேட்டாள். அதற்கு மட்டும் தலையாட்டினேன். ரதம் வந்தபோது செருப்பைக் கழற்றி றிக்ஷோவில் வைத்துவிட்டுச் சனத்தோடு கலந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். ஒரு கால்மைல்கூடப் போயிராது, என் தோளைப் பிடித்தாள். கால்கள் நடுங்கின. வீதியோரம் இருத்தினேன். ரதம் மணியோசையோடு எங்களைக் கடந்து போயிற்று. அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போன மாசமெண்டால் நடந்திருப்பன்" என்றாள். பிறகு தானாகவே எழும்பி றிக்ஷோவில் ஏறினாள்.

அதற்குப் பிறகு அவள் நடக்கக் கேட்கவேயில்லை. மறு வருஷம் நானே போவோம் என்றேன். முழங்கால் நோகிறது என்றாள். சொன்னது உண்மைதான். கால் பழையபடி வரவேயில்லை.

சில வருஷம் கழித்து எனக்கு நெஞ்சு நோவு வந்தது. அதே டொக்டர் அதே வைத்தியத்தைச் சொன்னார். விடியற்காலையில் வேட்டியை மடித்துக் கட்டி, கையை வீசிக்கொண்டு, பாலம் வரை நடக்க ஆரம்பித்தேன். தலைமைக் கிளாக்கரின் மனைவி படலையில் நின்றார். எங்கே பயணம் என்று என்னைக் கேட்கவில்லை. நல்ல பழக்கம் என்றார்.

இவள் வாசலில் கதிரையைப் போட்டு அதில் இருந்தபடி என்னை வழியனுப்புவாள். முதல் நாள் நான் படியிறங்கியபோது கூப்பிட்டாள். திரும்பினேன்.

"பை வேண்டாமோ?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அன்று நான் பாலம் வரை போகவில்லை. ஒழுங்கை முனையிலேயே திரும்பி வந்துவிட்டேன்.