தொடைக்குக் கட்டும் பட்டை

ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் நர்ஸாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஆரணி நெல் மில்லில் மூட்டை தூக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். சாலை போடும் இலாகாவில் அவருக்கு நிரந்தர வேலை கிடைத்திருந்தது. உடல் தகுதிச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. ரத்த அழுத்தம் அதிகம் என்று போன வாரம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வாரம் முழுக்க உப்பில்லாத கஞ்சி குடித்துவிட்டு வந்திருந்தார். அன்றும் அழுத்தம் பார்க்கக் கம்பவுண்டர் அவர் மேல்கையில் கட்டிய பட்டையில் பாதரசம் நூற்று அறுபத்தெட்டு காட்டியது. மறுநாளுக்குள் சான்றிதழ் போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

"மூட்டை தூக்கசொல்லோ நல்லாத்தான் கீறாரு. இங்க வந்து குந்தினாதான் நோவாளி ஆயிடறாரு," என்றாள் மனைவி.

நான் அவருடைய கையைப் பார்த்தேன். மேல்கை மற்றவர்களின் தொடை அளவு இருந்தது. பட்டையின் துணி நீளம். எந்தக் கையையும் சுற்றி நுனியைச் செருகிவிடலாம். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அழுத்துவது உள்ளே இருக்கும் ரப்பர் பை. விரலால் தடவினேன். அது அந்தக் கையில் பாதிகூடச் சுற்றவில்லை. பை சிறிதானால் அளவு ஏறிக் காட்டும் என்று பயிற்சியில் படித்திருந்தேன்.

பீரோவில் தொடைக்குக் கட்டும் அகலப் பட்டை பிரிக்காமலே கிடந்தது. எடுத்து வந்தேன். கம்பவுண்டர் சிரித்துவிட்டார்.

"பத்து வருசமா இதைத்தான் கட்டிக்கினு கீறேன். நீ வந்து நாலு மாசம்."

"பை எங்க முடியுதுன்னு தொட்டுப் பாருங்க சார்," என்றேன்.

அவர் தொடவில்லை. உள்ளறையிலிருந்து வந்த டாக்டர் தொட்டுப் பார்த்தார். என்னையே கட்டச் சொன்னார்.

மூட்டை தூக்குபவரைச் சாய்ந்து உட்காரவைத்துச் சிறிது நேரம் பேசாமல் இருக்கச் சொன்னேன். கையை மேஜைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வைத்தேன். பையின் நடு நாடிமேல் வரும்படி, முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே கட்டினேன். டாக்டரே ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். நூற்று முப்பது. இன்னொரு தடவை பார்த்தார். நூற்று இருபத்தெட்டு.

சான்றிதழில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"இன்னா எழுதிக்கீது நர்ஸம்மா?" என்று மனைவி கேட்டாள். இங்கிலீஷில் ஒருமுறை வாசித்து, வேலைக்குத் தகுதியானவர் என்று தமிழில் சொன்னேன். அவள் கணவர் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்றாவது முறை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வாசித்தேன்.