வேகாத மொச்சை

மானாம்பதியில் சசிரேகாவைப் பற்றிக் கேட்டால் வாய்க்காரி என்பார்கள். இருக்கட்டுமே. தாயாரம்மாளுக்கு மருமகளாகி ஒரு மாசம் வாயைத் திறக்காமல் ஓட்டிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

சசிரேகாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: தனி அடுப்பு. உப்பைக்கூட மாமியார் தன் கையால்தான் எடுத்துக் கொடுப்பாள். அவள் பிடியிலிருந்து தப்பிக்க வேறு வழியில்லை. புருஷன் வினோத்குமாரோ ராத்திரியானால் உத்திரமேரூரிலிருந்து பரோட்டா பார்சலோடுதான் வருவான். சம்பளத்தில் பாதி அதிலேயே போயிற்று. சசிரேகா பேரம் பேசினாள். இனிமேல் காய்ந்த மொச்சையும் காராமணியும் ஊறவைத்து வீட்டிலேயே குழம்பு வைக்கிறேன், பார்சல் காசை என்னிடம் கொடு, அடுப்பு வாங்கிப் பின்தாழ்வாரத்தில் தனியாகப் பொங்கிக்கொள்வோம் என்றாள். சரி என்றான். ருசி சரியில்லை என்றால் மறுபடி பார்சல்தான் என்றும் சொல்லிவைத்தான்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. அப்புறம் பிடித்தது சனியன். எத்தனை விசில் விட்டாலும் மொச்சை கல்லு கல்லாகக் கிடந்தது. வினோத்குமார் தட்டைத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தான். கேஸ் தீர்ந்ததுதான் மிச்சம் என்று தாயாரம்மாள் காதுபடச் சொன்னாள்.

சசிரேகா நேரே மளிகைக்கடை ராஜாராமிடம் போனாள். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாய் என்று தெருவே கேட்கக் கத்தினாள். அவரும் ரோஷக்காரர். அதே மூட்டையிலிருந்து அள்ளித் தன் வீட்டில் வேகவைத்து, மறுநாள் கிண்ணத்தோடு நீட்டினார். விரலால் தொட்டாலே மசிந்தது.

"சரக்குல கோளாறு இல்லம்மா. வேகறதுக்கு முன்னாடியே புளி வுட்டா இப்படித்தான் வெறைச்சிக்கும். உங்க வூட்ல யாரு வுடறது?"

அவள் விடுவதில்லை. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போவாள். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது ஒரே ஆள். எப்படியும் புளிக்குழம்பு என்பதால் ருசியிலும் தெரியாது. அடிப்பாவி!

அன்று சாயங்காலம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. மாமியார் கண்ணெதிரே புளியை ஊறவைத்தாள், வெங்காயம் உரித்தாள், குக்கரை வைத்தாள், குடத்தோடு கிளம்பினாள். திரும்பி வந்ததும் குழம்பு வைக்கவில்லை. மொச்சையை வடித்து, தேங்காய் போட்டுச் சுண்டலாகத் தாளித்துப் புருஷன் முன்னால் வைத்தாள்.

வாயில் போட்டவன் முகத்தைச் சுளித்தான். "இன்னாடி இது? சுண்டல்ல எவளாச்சும் புளி வுடுவாளா?"

"நான் வுடல. உங்கம்மாவ கேளு."

தாயாரம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கொழம்புன்னு நெனச்சிக்கினு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் மூக்கைச் சிந்தினாள். அடுப்பு பிரிந்தால் அப்புறம் தன்னை எவன் மதிப்பான் என்று புலம்பினாள். வினோத்குமார் பார்சல் காசை எடுத்துப் பெண்டாட்டி கையில் வைத்தான். சசிரேகாவுக்கு இரக்கம் துளிகூட வரவில்லை. ஏன் வரவேண்டும்?

அடுப்பு வந்த அன்று சாமான் பிரித்தார்கள். ஆளுக்குப் பாதி அரிசி, பாதி மிளகாய், பாதி பாத்திரம். புளிப்பானையை மட்டும் சசிரேகா மாமியார் பக்கமாகத் தள்ளிவைத்தாள்.

"இது முழுசா நீயே வச்சிக்கோ அத்த. உனுக்குத்தான் நெறைய செலவாவுது."

அன்றைக்கு மொச்சை மலர மலர வெந்தது. வாசனை மாமியாரின் முன்கட்டு வரைக்கும் போனது. ஒரு கரண்டி குழம்புகூடப் போகவில்லை.