உறையின்மேல் ஐந்து பெயர்கள்

முதல் வரியில் அஸ்தானா. அதன்கீழே நூர்-சுல்தான், அக்மோலா, செலினோகிராட். ஆக அடியில், அறுபத்தொன்றுக்கு முன்னிருந்த அக்மோலின்ஸ்க்கையும் விடமாட்டார் செபமாலைமுத்து. அத்தனையும் ஒரே ஊர்தான். தோர்ண்டன் ஹீத் தபால் கவுண்டரில் பிரீத்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணை, ஒரு ஊருக்கு ஒரு பேர் காணாதே?" என்பாள்.

"காணாது பிள்ளை. அங்கத்தைய பழைய ஆக்களுக்குப் புதுப் பேர் வாயில வராது."

தொண்ணூற்றொன்று மார்கழியில், ஜெர்மனிக்கென்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன், அண்ணன் தம்பி இருவரையும் மொஸ்கோவில் ரயிலேற்றி அந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் அடைத்துவைத்தான். தம்பி கொட்வினுக்கு நிமோனியா. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே மற்றவர்களுக்குப் பயணம் சரிவந்தது. "போன உடன கடிதம் போடுறன்ரா" என்று சொல்லிவிட்டு வந்தார். ஜெர்மனியில் முகாமிலிருந்து எழுதத் தொடங்கும்போது சோவியத் நாடே இல்லை, அந்த ஊர் இருந்தது கஸகஸ்தானில். கொஞ்ச நாளில் ஊரின் பெயரும் போயிற்று. எந்தப் பெயருக்குப் போட்ட கடிதம் எங்கே கிடக்கிறதோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்!

தான் குடியிருக்கும் பகுதியின் கவுன்சில் எதுவென்று கேட்டால் மனிதர் தடுமாறுவார். அந்த ஊர் எப்போது மாகாணத்துக்குத் தலைநகர், எப்போது நாட்டுக்கே தலைநகர் என்று நித்திரையில் தட்டிக் கேளுங்கள், ஒப்புவிப்பார். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் பெயர் மாறியபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்று வருடத்தில் பழைய பெயரே திரும்பி வர, பூசைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ரொபி இனிப்புக் கொடுத்தார். "திரும்பி வந்திட்டுது, பாத்தியளே?"

ஹரோவிலிருக்கும் மகள் றூபினி, வந்து தன்னோடு இருக்கச் சொல்லிக் கெஞ்சாத நாளில்லை. அசையமாட்டார். "ஜெர்மனியை விட்டு வந்து போட்ட இருவது வருசக் கடிதத்திலயும் இந்த அட்ரஸ்தானே கிடக்குது. நாங்கள் போனாப் பிறகு அவன் வந்து கதவைத் தட்டினால்?"

இந்தக் கார்த்திகையில், மரித்தோருக்கான பூசைக்குக் கோயிலில் கொடுக்கும் பெயர்களை மனைவி மெற்றில்டா எழுதி மேசையில் வைத்தாள். தாய், தகப்பன், மாமன். கடைசியில் கொட்வின்.

"இஞ்சேருங்கோ, முப்பத்திநாலு வருசம். அந்தப் பிள்ளைக்கு ஒரு பூசையாவது வேண்டாமே?"

அவருக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சண்டைக்குப் போகவில்லை. தாளை எடுத்து, தம்பியின் பெயரிருந்த அடித்துண்டை மட்டும் மெல்லக் கிழித்தார். மீதியை அவள் கையில் கொடுத்தார். துண்டை மடித்து இந்த வருடக் கடிதத்தோடு உறைக்குள் வைத்து, விளிம்பை நாக்கால் நனைத்து அழுத்தி ஒட்டினார்.