வாலி சாக மறுத்த மத்தியானம்

மாவுமில் குசுமாவதிக்கு வன்மம் உண்டு. அதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

கேரிமூலை ஓடைக்கு வந்த சிமெண்டுப் பாலத்தை, ஊரைக் கேட்காமலே தன் பாக்குத்தோட்டத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனவர் பஞ்சாயத்துத் தலைவர் தர்ணப்ப கௌடா. மற்ற சனங்கள் பழையபடி பாக்குமரத்தைக் குறுக்கே போட்டு நடந்தார்கள். ஆடி மழையில் அதில் வழுக்கி விழுந்துதான் குசுமாவின் புருஷன் போனான். நியாயம் கேட்கப் போனவளிடம், "விதி அக்கா, யாரால தடுக்க முடியும்?" என்றார் தலைவர். விதியாம், விதி! மில்லைத் தனியாளாக எடுத்து நடத்த ஆரம்பித்த அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள்: இந்த ஆள் வாயாலேயே, ஊருக்கு முன்னால் உண்மையைக் கக்க வைக்கணும்.

கிராமசபையில் எழுந்தாள். மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். யாரும் எதையும் பிடுங்க முடியாத இடம் ஒன்றுதான் மிச்சம்: பஜனைக் கூடத்தில் நடக்கும் தாளமத்தளை என்கிற வாதக்கூத்து. வேஷம் கிடையாது, எழுதிவைத்த வசனம் கிடையாது. உட்கார்ந்தபடியே ராமனாகவும் வாலியாகவும் வாதாட வேண்டும். எதிராளி ஒப்புக்கொள்ளும்வரை பாகவதர் அடுத்த பாட்டை எடுக்கமாட்டார். நடுவில் சொந்தக் கதை பேசினவன் மானம் கப்பலேறிவிடும். தலைவர் வருஷாவருஷம் ராமன். குசுமா மில் இரைச்சலில் வாய்விட்டுப் பேசிப் பழகி, இந்த வருஷம் வாலியைக் கேட்டு வாங்கினாள்.

ராமன் அம்பு விட்டாயிற்று.

"ஏன் ராமா, எதிர்ல வந்து கேட்டிருக்கலாமே? மரத்துக்குப் பின்னால உனக்கு என்ன வேலை?"

தலைவர் தர்மம், நீதி என்று அளந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஏன் மறைஞ்சே?"

"தம்பி பெண்டாட்டியை நீ..."

"என் தப்புக்குத்தான் அம்பு வாங்கிட்டேனே. உன் தப்பைச் சொல்லு."

வாலி தப்பை ஒப்புக்கொண்டாயிற்று என்று, பாகவதர் அவன் சாகிற பாட்டை எடுக்கத் தாளத்தைத் தூக்கினார்.

"இருங்க பாகவதரே. பதில் வராம நான் சாகமாட்டேன்."

கூட்டம் சிரித்தது. குசுமா சிரிக்கவில்லை. அதைப் பார்த்துச் சனங்களின் சிரிப்பும் மெல்ல அடங்கிவிட்டது. தலைவர் வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்தார்.

"செஞ்சது நியாயம்னா ஏன் யாருக்கும் தெரியாம செஞ்சே? சாகப்போறவன் கேக்கறேன், சொல்லு!"

அவ்வளவுதான், மனுஷன் பொங்கிவிட்டார்.

"போதும் குசுமக்கா! பாலத்தை நான் ஒருத்தனா மாத்தினேன்? இன்ஜினியர் வழி காட்டினான், நான் கையெழுத்துதான் போட்டேன்!"



"யாரு குசுமக்கா? எந்தப் பாலம்?" என்றாள் அவள். "நான் வாலி. அம்பைப் பத்தித்தானே கேட்டேன்?"

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "நாங்க கேக்கறோம் தலைவரே, பாலத்தைப் பத்தி! மேல சொல்லுங்க." பெண்கள் பக்கமும் எழுந்து நின்றது. மத்தளக்காரர் மத்தளத்தைக் கீழே இறக்கி வைத்தார்.

குசுமாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்த ஆளின் முகத்தை ஆசைதீரப் பார்த்தாள்.

"இப்போ பாடுங்க பாகவதரே, நான் சாகத் தயார்."

பாகவதர் பாடவில்லை. அவரும் தலைவரின் பதிலுக்குத்தான் காத்திருந்தார்.