கண்ணாடிக்குப் பிடிக்காத கை

என் அம்மாவின் கையை மெஷினுக்குப் பிடிக்கவில்லையாம். சொன்னவர் ஒரு தாலுகா அலுவலக எழுத்தர். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நிலத்தின் சிட்டாவை விரலால் தொட்டுப் பார்க்கிற கணினிப் பெட்டி ஒன்றை அந்த அலுவலக வராந்தாவில் வைத்தார்கள். அப்பா இறந்தபின் மார்க்கையன்கோட்டை வயலை அம்மா பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்திருந்தோம். "அதெல்லாம் அவுக பேருக்கு மாறல, எம்பேர்லதான் ஏறியிருக்கு" என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அம்மாவுக்குத் தூக்கமே போயிற்று. எழுத்துக்கூட்டி வாசிப்பாள், தன் பெயர் அதில் இருப்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

தனியாகவே போயிருக்கிறாள். களை வெட்டியும் திராட்சைக் கொடி கட்டியும் காய்ப்பு ஏறிய கை. சர்வே எண்ணெல்லாம் சரியாகவே ஏறியிருக்கிறது. திரையின் கடைசி வரியில் இருந்த ‘காண்க’ பொத்தான் மட்டும் எத்தனை அமுக்கியும் அசையவில்லை.

"ஏம்மா, கட்டை மாதிரி கைய வச்சு அமுக்குனா மெஷினுக்கு எப்பிடிப் பிடிக்கும்? நல்ல கையா யாரையாச்சும் கூட்டிட்டு வா" என்றாராம் எழுத்தர். வரிசையே சிரித்ததாம். அடுத்து வந்த வெள்ளை வேட்டிக்காரருக்கு மட்டும் உள்ளே போய்த் தன் கணினியில் தட்டிக் காகிதத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். என்ன கொழுப்பு!

வீட்டுக்கு வந்து அம்மா நேரே கொல்லைக்குப் போனாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து செங்கல் துண்டால் விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் கசிவதைப் பார்த்து, மகள் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

"கை கட்டையாப் போச்சுன்னு சொன்னாக ஆத்தா. தேச்சா தோல் எளகிரும்ல?"

நான் அப்போது பழனிசெட்டிபட்டியில் கணினி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தேன். அந்தப் பெட்டியைப் பராமரிப்பதும் எங்கள் கடைதான். பழுது என்று ஒரு போன்கூட வந்ததில்லை! மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். தொடுதிரைக் கண்ணாடியின் கீழ் மூலையில், ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு குங்குமத்தோடு தடிமனாகக் காய்ந்து கிடந்தது.

அந்தக் கண்ணாடியின் மேற்பரப்பில் காதுக்குக் கேட்காத ஒலி அலை ஓடிக்கொண்டே இருக்கும். விரல் பட்ட இடத்தில் அலை கொஞ்சம் அமுங்கும். அந்தக் குறைவை வைத்துத்தான் எங்கே தொட்டோம் என்று பெட்டி கண்டுகொள்ளும். காய்த்த விரலோ பூ விரலோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். பொட்டு ஒட்டியிருந்த வரியில் அலையே செத்துப்போயிருந்தது. அங்கே கலெக்டரே வந்து அமுக்கினாலும் அசையாது. வாய்க்காலின் வாய்மடையில் கல்லைப் போட்டுவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று கடைசி வயலைத் திட்டுகிற கதை.

துணியை நனைத்ததும் எழுத்தர் ஓடி வந்தார்.

"அதைத் தொடச்சிராதீக, பூசைப் பொட்டு. அது வச்சதுல இருந்தே அந்த வரி வேல செய்யல, எங்களுக்குத் தெரியும். அதான் தெரிஞ்சவுகளுக்கு உள்ளயே எடுத்துக் குடுத்துர்றோம்."

"தெரிஞ்சுக்கிட்டேயா எங்கம்மா கையக் கட்டைன்னீக?" என்று கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"எந்த அம்மா?" என்றார்.

அந்தக் கேள்வியைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. அவர் பார்க்கப் பார்க்கவே பொட்டைத் துடைத்து எறிந்தேன். பொத்தான் உடனே வேலை செய்தது.

அடுத்த நாள் அம்மாவைக் கூட்டிப் போனேன். கையில் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் அந்தப் பொட்டால் வந்த வினை என்று பஸ்ஸில் வழி நெடுகச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே வந்தாள். பெட்டி முன்னால் நின்றதும், நான் தடுப்பதற்குள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு அமுக்கினாள். துணி சுற்றிய விரலும் அலையை அமுக்கும். திரை திறந்தது. அவள் பெயர்தான் இருந்தது. ஒவ்வோர் எழுத்தாக வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியா ஆத்தா, கைய மறைச்சதும் மெஷினு ஒத்துக்கிருச்சு."