மெதுவாக ஓடச் சொன்னார்கள்

என் கணவரின் தொடை எலும்பு ஒரு பேக்கரிப் படியில் முறிந்தது. அவர் அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை. விழவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை முடித்துவிட்டு, வழக்கமாக நிற்கும் கடையில் டீ வாங்கிக்கொண்டு, கீழே காலை வைத்தார். அவ்வளவுதான். முருங்கைக் கிளையை ஒடித்தது போல ஒரு சத்தம் கேட்டது.

அப்படியே சரிந்து படியில் உட்கார்ந்தார். கையிலிருந்த டீ ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. "ஏனுங்க, ஒரு சேர் குடுங்க. காலு புடிச்சுக்கிச்சு" என்று கடைக்காரரிடம் மரியாதையாகக் கேட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. ஒரு மனிதக் கால் அந்தப் பக்கம் திரும்பாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் செய்தது, அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கி மேசைமேல் பத்திரமாக வைத்ததுதான். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கோவை கணபதியில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. பம்புக்குள் சுழல்கிற இரும்புத் தண்டை, அதாவது ஷாஃப்ட்டை, கடைந்தும் பழுது பார்த்தும் தருகிறோம். அவர் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் ஓட ஆரம்பித்தார். அவருக்குத் துணையாக நானும் போனேன். ஆனால் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டே பின்னால் வருகிற ஆள். அவர் அப்படியில்லை. ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஒரு நாள் மூச்சு முட்டச் சுற்றுவார். மறுநாள் கால் கனக்கும். அதே வேகத்தில் இன்னும் கொஞ்ச தூரம் சேர்த்து ஓடுவார். சனிக்கிழமை மருதமலைப் படிகளில் ஏறி இறங்குவார். ஞாயிறு பல்லடம் ரோட்டில் நீண்ட ஓட்டம். அதிலும் யாரையாவது முந்தாமல் திரும்பமாட்டார். முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்த பிறகு தூரமும் ஏறியது, வேகமும் ஏறியது. ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டார். கன்னம் ஒட்டியது. பார்த்தவர்கள் எல்லாரும் "காலேஜ் பையனாட்டம் ஆயிட்டீங்க" என்றார்கள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

தொடை மடிகிற இடத்தில் வலிக்கிறது என்று சில வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு வாரம் சும்மா இருங்களேன்" என்றேன். "இப்ப உட்டா எல்லாம் போயிரும் அம்மணி" என்று மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா முதலில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டியில இருந்து விழுந்தீங்களா?"

"இல்லைங்க. படியில இறங்குனேன்."

இடுப்புக்குள் பொருந்தும் இடத்தில் எலும்பு முழுசாக விட்டுப்போயிருந்தது. முதலில் மயிரிழை போல விரிசல் விட்டு, அதன்மேலேயே தினமும் ஓடி ஓடி, அன்றைக்கு முறிந்திருக்கிறது என்றார். உடனே திருகாணி போட வேண்டும். தாமதித்தால் அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்று, மூட்டையே மாற்ற வேண்டிவரும்.  வீட்டிலேயே ஆரோக்கியமான ஆள் அவர்தான் என்று அன்று காலைவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

"வாரத்துல எத்தனை நாள் மெதுவா ஓடுவீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "மெதுவா ஓடுனா அதுல என்னங்க பிரயோஜனம்?"

"அதுலதாங்க பாதிக்கு மேல பிரயோஜனம். தூரம் ஏத்துனா வேகத்தைக் குறைக்கணும். வேகம் ஏத்துனா தூரத்தைக் குறைக்கணும். நீங்க ரெண்டையும் ஒண்ணா ஏத்தி, சாப்பாட்டைக் குறைச்சிருக்கீங்க. ஒடம்பு எப்பங்க ரிப்பேர் பண்ணிக்கும்?"

அவர் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, "எங்கிட்ட வர்ற ஷாஃப்ட்டும் இப்படித்தான், மயிரிழையா விரிசல் உட்டு, சுத்திச் சுத்தி ஒடைஞ்சு வரும்" என்றார். 

எலும்பு கூடிவிட்டது. ஊன்றுகோல், பிறகு நடை, பிறகு நீச்சல் என்று மாதங்கள் ஓடின. கடைசியில் ஓட அனுமதித்தபோது டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பேசுவதற்கு ஆள் வேண்டுமே, நான் போனேன்.

முதல் நாள் ரேஸ் கோர்ஸில், வாக்கிங் வந்த ஒரு பெரியவர் போனில் பேசியபடியே எங்களை முந்திக்கொண்டு போனார். என் கணவர் பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது. "பேசுங்க" என்றேன். பட்டறை, கரண்ட் பில், மகளின் ஹாஸ்டல் சாப்பாடு என்று சில வாரங்கள் போயின. பேச்சு தீர்ந்துபோன ஒரு காலையில் திடீரென்று சொன்னார்:

"எனக்கு ஓடறது புடிக்கவே இல்ல அம்மணி."

விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

"எங்கப்பன் நெஞ்சு வலில செத்துப்போன வயசு எனக்கு வந்துட்டு இருந்துச்சில்ல. காலைல எந்திரிச்சா அதான் ஞாபகம். மூச்சு முட்ட ஓடி முடிச்சா, இன்னிக்கு ஒண்ணும் ஆவலைன்னு இருக்கும். மெதுவாப் போனா பயம் தொத்திக்கும்."

நின்றுவிட்டேன். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். பதக்கத்துக்காக ஓடுகிறார், பிடிவாதம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எலும்பு முறிந்த சத்தம்கூட என்னை இப்படி அடிக்கவில்லை.

"ஏனுங்க, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன்.

"எப்படிச் சொல்றது? ஓடறப்ப வாயே தொறக்க முடியாதே" என்று சொல்லிச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. அந்த வாரமே இருதய டாக்டரிடம் கூட்டிப்போனேன். எல்லாம் நன்றாக இருந்தது. ரிசல்ட் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், பார்க்கிங்கில் வண்டியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார்.

பிறகு வாரத்தில் ஒரே நாள் வேகம். மற்ற நாள் எல்லாம் பேச்சுதான். ராத்திரி மறுபடி சோறு. அடுத்த குளிர்காலத்தில் அரை மாரத்தான் ஓடினோம். ஆரம்பத்தில் கூட்டம் முழுக்க எங்களைத் தாண்டிப் போனது. அவர் தோளைத் தளர்த்திக்கொண்டு விட்டுக்கொடுத்தார். நடுவழியில் "போகட்டுமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

நான் முடித்து வரும்போது அவர் ரோட்டோரத்தில் உப்புமாத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். வாட்சை நீட்டிக் காட்டினார். முறிவதற்கு முன்பு அவர் உயிரைக் கொடுத்து ஓடிய அரை மாரத்தான் நேரத்தைவிடக் குறைவு.  

"வாட்சு தப்பாக் காட்டுதோ?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்தே ஒரு கை எடுத்துக்கொண்டேன்.